இறங்குவதற்குச் சீட்டு வேண்டாம்

பணகுடிக்குத் தெற்கே ஆடிக் காற்று
தார்ப்பாயைக் கழற்றிக்கொண்டுதான் லாரியை விடும்.
அப்படியொரு பிற்பகலில்
நாற்பத்தொன்றாம் காற்றாலை வேகம் மீறியதை
என் நிரல் நான்கு விநாடி கழித்துச் சொன்னது.
பிரேக் தானாகப் பிடித்துவிட்டது,
அதற்கு என் தயவு தேவையில்லை.
ஆனாலும் நான்கு விநாடி.
கோபுரத்தடியில் நின்ற அய்யாக்குட்டி
போனில் ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஒங்க பெட்டி அந்நேரம் என்னத்த சார்
செஞ்சிக்கிட்டு கெடந்துச்சு?"

படம் வரைந்துகொண்டிருந்தது.
பச்சைக் கோடு, அதற்கு நிழல் வேறு.
ஒரு நிரலுக்குள் ஆறு இழைகள்.
வேகத்தைப் படிக்கிற இழை
ரயில்வே கேட்டில் மாட்டிய மினி பஸ் மாதிரி
இன்ஜினை அணைக்காமல் நின்றிருக்கிறது.

முன்னுரிமை கொடுத்தால் தீர்ந்தது என்று உட்கார்ந்தேன்.
வள்ளியூர் அலுவலகம், ராத்திரி பதினொன்று,
கீழே புரோட்டாக் கடையில்
கல்லைச் சுரண்டும் சத்தம்.

தீரவில்லை.
கோபுரத்தடியில் இருப்பது லினக்ஸ்,
கட்டுப்பாட்டு அறையில் விண்டோஸ்,
முதலாளி ஞானதிரவியம் மடியில் மேக்.
விண்டோஸில் இரண்டு என்றால் மேலே.
லினக்ஸில் கழித்தல் இருபதுதான் உச்சாணி,
எண் ஏற ஏற ஆள் தணிந்துபோவான்,
அந்த எண்ணுக்குப் பெயர் நைஸ்.
நம்மூரில் நைசாக வருகிறவன்
வரிசையில் நமக்கு முன்னால் நிற்பான்.
அங்கே நைஸ் என்றால்
"நீங்க போங்க, நான் பொறவு வாரேன்."
மேக் எண்ணே கேட்காது.
என்ன சோலியாக வந்தாய் என்று விசாரித்து
அதுவாக இடம் போட்டுக்கொடுக்கும்.

எனக்கென்று நாலு சொல் வைத்துக்கொண்டேன்:
இப்பவே, முந்தி, சும்மா, பொறவு.
நாலையும் மூன்று ஊர்ப் பேச்சிலும் மாற்றி எழுதினேன்.
விண்டோஸ் தலையாட்டியது.
மேக் சரி என்றது.
லினக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன்.
சொன்னதை நான் கையில் வாங்கவே இல்லை.
திரும்பி வந்த எண்ணை அச்சிட ஒரு வரி சேர்த்தபோது தெரிந்தது,
பதினேழு முறை ஓட்டியதில்
பதினேழு முறையும்
அனுமதி மறுப்பு.

மேலே ஏற ரூட் வேண்டும்.
ரூட்டின் கடவுச்சொல்
பெட்டியை விற்ற கோயம்புத்தூர்க்காரரிடம்.
அவர் வாட்ஸப்பில் கடைசியாகத் தலைகாட்டியது
ஒன்பது நாற்பதுக்கு.

சவத்த விடு என்று எழுந்து,
தண்ணீர் குடித்து,
திரும்ப உட்கார்ந்து,
கையேட்டில் நான் தாண்டித் தாண்டிப் போன வரியை
பன்னிரண்டரைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன்.
எந்த இழையும் கீழே இறங்கலாம், தடையில்லை.
இறங்கினது திரும்ப ஏறத்தான்
கேட்க வேண்டும்.

இறங்குவதற்கு
மூன்று ஊரிலும் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

படிக்கிறவனை ஏற்ற முடியாவிட்டால் போகிறது,
மற்ற ஐந்து பேரையும் இறக்கினேன்.
பச்சைக் கோட்டுக்காரனைக் கடைசிப் படிக்கே, பத்தொன்பதுக்கு.

மறுநாள் காற்று முந்தினநாளைவிட மோசம்.
தாமதம் பன்னிரண்டு மில்லி விநாடி.
ஞானதிரவியம் கூப்பிட்டார்,
"கோடு திக்குதே தம்பி."
"கோடுதானேண்ணே."
அய்யாக்குட்டி கூப்பிடவில்லை.

சம்பளம் வந்தது, ஆவணியும் வந்தது.
அந்த இழையை நினைத்தால் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது.
அது தப்பு ஒன்றும் செய்யவில்லை.
வரையச் சொன்னேன், வரைந்தது.
நிழலும் நான் கேட்டதுதான்.
இனி அதுவாக ஒரு படி ஏற முடியாது.

பெட்டியை அணைத்துப் போடும்போது
ஆறும் பூஜ்யத்தில் பிறக்கின்றன, ஒரே உயரத்தில்.
அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று
ஒருநாள் வேலையில்லாமல் அளந்து பார்த்தேன்.

என் முதல் வரி வரும்வரை.